இறந்தவரின் ரத்தம் என்ன சொல்லும்? மரணக் காரணத்தை அறிய ரத்தக் குறிப்பான்களைப் பயன்படுத்தும் முழுமையான வழிகாட்டி

பனை மரத்தடியில் விழுந்து கிடந்தார் என்று ஒரு மதியம் ஓர் இளைஞரின் உடலைக் கொண்டுவந்தார்கள். மரம் ஏறியபோது தவறி விழுந்துவிட்டார் என்பதுதான் கூட வந்தவர்கள் சொன்னது. ஆனால் எலும்பு எதுவும் முறியவில்லை, தலையில் அடி இல்லை, வயிற்றுக்குள் ரத்தக்கசிவும் இல்லை. இடது காதுக்குப் பின்னாலும் கழுத்திலுமாக நான்கு சிவந்த புள்ளிகள் மட்டும் இருந்தன. அவற்றில் ஒன்றின் நடுவே ஊசி முனை அளவுக்கு ஒரு கருப்பு. கதண்டு என்ற பெரிய விஷக் குளவி கொட்டிய தடம்.

சரி, கதண்டு கொட்டியிருக்கிறது. ஆனால் அதனால்தான் இறந்தாரா? கத்தியை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியாது. கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சியில், அதாவது அனாஃபிலாக்சிஸில், இறந்தவரின் உடலில் பல நேரம் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவுமே இருக்காது. அன்று உடலைத் திறப்பதற்கு முன்பே தொடையிலிருந்து எடுத்து வைத்த 5 மில்லி ரத்தம்தான் பதில் சொன்னது. அதிலிருந்த ட்ரிப்டேஸ் என்ற நொதியின் அளவு, உயிரோடிருப்பவர்களுக்கான உச்ச வரம்பைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இப்படி ரத்தத்தில் இருந்துகொண்டு மரணக் காரணத்தைச் சுட்டிக்காட்டும் பொருள்களைத்தான் ரத்தக் குறிப்பான்கள் என்கிறோம். துறைக்குள் பேசும்போது மார்க்கர் என்றே சொல்வோம். தடயவியல் மருத்துவம் படிப்பவர்களையும், அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைப் பணிக்குப் புதிதாக வந்தவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். விசாரணை அதிகாரிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும், வீட்டில் ஒருவரைத் திடீரென்று இழந்துவிட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

தொடங்கும் முன்: உயிரோடிருப்பவரின் ரத்தம் வேறு, இறந்தவரின் ரத்தம் வேறு

இதயம் நின்றாலும் ரத்தத்துக்குள் நடக்கும் வேலை உடனே நிற்பதில்லை. ரத்த அணுக்கள் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிறகு அணுச்சுவர்கள் தளர்ந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கசியும். தசையிலும் கல்லீரலிலும் இருந்த நொதிகள் ஒழுகி வரும். குடலிலிருந்து பாக்டீரியாக்கள் ரத்தக்குழாய்களுக்குள் பரவும். நம் ஊர் வெயிலில், குளிர்பெட்டி இல்லாமல் கிடந்த உடலில், இவை எல்லாமே வேகமாக நடக்கும்.

அதனால் ஆய்வக அறிக்கையில் பக்கத்திலேயே அச்சாகி வரும் ‘இயல்பு அளவு’ நமக்கானதல்ல. அது உயிரோடிருப்பவருக்கானது. பொட்டாசியம் எக்கச்சக்கமாக இருக்கிறது என்று மேல்நோக்கிய அம்புக்குறி போட்டு வந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. இறந்த எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். சர்க்கரை 20 என்று வந்தால் ‘லோ சுகரில் போய்விட்டார்’ என்று எழுதிவிடக் கூடாது. அந்தச் சர்க்கரை இறந்த பிறகு குறைந்ததாக இருக்கலாம்.

ஆனால் எல்லாமே அப்படி மாறிவிடுவதில்லை. யூரியா, கிரியாட்டினின், உடலுக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி எனும் சி-ரியாக்டிவ் புரோட்டீன், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, உடல் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன், கரிப்புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறியதைக் காட்டும் கார்பாக்சி ஹீமோகுளோபின் ஆகியவை ஓரளவு நிலையாக நிற்கும். வேறு சில பொருள்களில் அளவைத் தீர்மானிப்பது, ரத்தத்தை உடலின் எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்பதுதான். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே இந்த வேலையில் பாதி முடிந்த மாதிரி.

படி 1: ஊசியை எடுக்கும் முன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

‘எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்’ என்று ஆய்வகத்துக்கு எழுதினால் எதுவும் வராது. நம் வழக்கத்தில் உள்ளுறுப்புகளும் ரத்தமும் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். 1849-ல் மெட்ராஸில் ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகமாகத் தொடங்கிய மரபு அது. அவர்களுடைய முதன்மையான வேலை விஷத்தைத் தேடுவது. சர்க்கரை நோய் முற்றிக் கீட்டோன் ஏறி இறந்த ஒருவரின் விசரா, அதாவது உள்ளுறுப்பு மாதிரிகள், ‘விஷம் எதுவும் இல்லை’ என்று திரும்பி வரும். அது பொய்யான அறிக்கை இல்லை, கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில். கீட்டோனையும் சிஆர்பியையும் பார்க்க வேண்டுமானால், மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்துக்குத் தனியாக மாதிரி அனுப்பி, இன்னதைப் பாருங்கள் என்று எழுத வேண்டும்.

கேள்வி பிறக்க வேண்டுமானால் முன்கதை வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவில், அதாவது பழைய சட்டத்தின் 174-ல், காவல்துறை தரும் விசாரணை அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள். குடும்பத்தாரோடு இரண்டு நிமிடம் உட்காருங்கள். என்ன மாத்திரை சாப்பிட்டார், சுகர் உண்டா, காய்ச்சல் இருந்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டார், எப்போது கடைசியாகப் பேசினார் என்று கேளுங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொல்லுங்கள்.

அப்புறம், இறந்தவர் ஒரு மணி நேரமாவது மருத்துவமனையில் இருந்திருந்தால், சேர்த்தவுடன் எடுத்த ரத்தம் அங்கே ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கும். சில நாள்களில் அதைக் கொட்டிவிடுவார்கள். பிரேதப் பரிசோதனையைத் தொடங்கும் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு ‘அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்’ என்று சொல்லுங்கள்; பின்னாலேயே எழுத்தில் கடிதமும் அனுப்புங்கள். உயிரோடு இருந்தபோது எடுத்த அந்த ரத்தத்துக்கு, நாம் இறந்தபின் எடுக்கும் எந்த ரத்தமும் ஈடாகாது.

நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். ஒடுவன் தழையைத் தின்று வருபவர்களுக்கு உயிரோடு இருக்கும்போது ரத்தத்தில் பொட்டாசியம் மளமளவென்று குறையும், அமிலத்தன்மை ஏறும். மஞ்சள் அரளி விதையைத் தின்றவர்களுக்கு நேர்மாறாக, முற்றிய நிலையில் பொட்டாசியம் ஏறும். இரண்டிலும் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும். இறந்த பிறகு ரத்தம் எடுத்தால் இருவருக்கும் பொட்டாசியம் வானத்தில் இருக்கும், வித்தியாசமே தெரியாது. சேர்க்கும்போது எடுத்த அந்த ஒரு குழாய் இருந்தால் தெரியும்.

படி 2: எங்கிருந்து எடுப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்று சொல்பவர்கள், இதைப் படியுங்கள்.

முதுநிலைப் படிப்பின் முதல் ஆண்டில், ஒரு பெண்ணின் உடலில் வேலை எல்லாம் முடிந்த பிறகு, நெஞ்சுக் கூட்டில் தேங்கியிருந்த ரத்தத்தைக் கரண்டியால் மொண்டு பாட்டிலில் ஊற்றி அனுப்பிவிட்டேன். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து உயிரைப் பறிக்கும் அளவில் இருப்பதாக அறிக்கை வந்தது. அவர் அந்த மருந்தை ஆண்டுக்கணக்கில் மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டு வந்தவர். பேராசிரியர் அறிக்கையைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “எங்கேயிருந்துப்பா எடுத்தே?” என்னிடம் பதில் இல்லை. அளவுக்கு மீறி விழுங்கினாரா, வழக்கமாகச் சாப்பிட்டதுதானா என்பதை அந்த ரத்தத்தை வைத்து யாராலும் சொல்ல முடியவில்லை. வேறு மாதிரியும் நான் எடுத்து வைக்கவில்லை. அவருடைய அண்ணன் மூன்று முறை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். கல்லீரல், நுரையீரல், இதயத் தசை ஆகியவற்றில் சேர்ந்திருக்கும் மருந்துகள், இறந்த பிறகு மெல்ல ரத்தத்துக்குள் திரும்பி வடியும். இரைப்பையில் கரையாமல் கிடக்கும் மாத்திரையும் அக்கம்பக்கத்து உறுப்புகளுக்குள் ஊறும். அதனால் இதயத்து ரத்தத்திலும் நெஞ்சில் தேங்கிய ரத்தத்திலும் அளவு பல மடங்கு கூடித் தெரியும். அமிட்ரிப்டிலின், இதய மருந்தான டிகாக்சின் போன்றவற்றில் இது மிகவும் அதிகம். தொடை, உடலின் நடுவிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே இந்தக் கலப்படம் குறைவு.

எனவே செய்ய வேண்டியது: நெஞ்சையும் வயிற்றையும் திறக்கும் முன், கவட்டைக்குக் கொஞ்சம் கீழே தோலை அறுத்துத் தொடைச் சிரையை வெளியே எடுங்கள். இடுப்புப் பக்கமாக நூலால் இறுக்கிக் கட்டுங்கள், அல்லது கிளாம்ப் போடுங்கள். கட்டாமல் இழுத்தால் வயிற்றிலிருக்கும் பெருஞ்சிரையின் ரத்தம் கீழே இறங்கி வந்துவிடும். தொடையில் ஊசியைக் குத்தினாலும் கையில் வருவது வயிற்று ரத்தமாகத்தான் இருக்கும். கட்டிய பிறகு, கட்டுக்குக் கீழே பருமனான ஊசியைக் கால் பக்கமாகச் செருகி மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் சிரையின் சுவர் ஊசி முனையில் ஒட்டிக்கொள்ளும், சிவப்பணுக்களும் உடையும். ரத்தம் வரவில்லை என்று காலைப் பிழிந்துவிடாதீர்கள்; தசையிலிருப்பதும் சேர்ந்து வந்துவிடும். ஒரு காலில் போதவில்லை என்றால் மறு காலுக்குப் போங்கள். 15 முதல் 20 மில்லி கிடைத்தால் நிம்மதி.

இதயத்து ரத்தத்தையும் தனியாக எடுத்து, ‘இதயம்’ என்று தெளிவாக எழுதி வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சில வழக்குகளில் உதவும். ஆனால் இரண்டையும் ஒரே குழாயில் கலக்கக் கூடாது.

ரத்தத்தோடு, விழிக்குள் கூழ்போல நிறைந்திருக்கும் விட்ரியஸ் திரவத்தையும் எடுத்துவிடுங்கள். விழிக்கோளம் மூடிய பெட்டி மாதிரி. பாக்டீரியா எளிதில் நுழையாது, மாற்றங்களும் மெதுவாகத்தான் நடக்கும். ரத்தத்தில் பார்க்க முடியாத சர்க்கரையையும் சோடியத்தையும் இங்கே பார்க்கலாம். கண்ணின் வெளி ஓரத்திலிருந்து மெல்லிய ஊசியால் ஒவ்வொரு கண்ணிலும் 2 மில்லி அளவுக்கு, அவசரப்படாமல் எடுங்கள். எடுத்த பிறகு அதே அளவு உப்புநீரைச் செலுத்திவிடுங்கள், கண் குழிந்து தெரியாது. வீட்டார் கடைசியாகப் பார்க்கப்போவது அந்த முகத்தைத்தான்.

படி 3: எந்தக் குழாயில் போடுவது

சாம்பல் மூடிக் குழாய் விஷத்துக்கும் சாராயத்துக்கும். அதில் சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். ஃபுளோரைடு நுண்ணுயிர்களின் வேலையை நிறுத்தும். இல்லையென்றால் குழாய்க்குள்ளேயே சர்க்கரை புளித்துச் சாராயமாகும். மில்லிக்கு 10 மில்லிகிராம் ஃபுளோரைடு தேவை. வார்டில் சுகர் பார்க்க வைத்திருக்கும் சாம்பல் குழாயில் அவ்வளவு இருக்காது, அதனால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பூச்சிமருந்து சந்தேகத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியைப் பார்க்க வேண்டுமென்றால் சாம்பல் குழாயில் போடவே கூடாது. ஃபுளோரைடே அந்த நொதியை முடக்கும். பூச்சிமருந்து குடிக்காதவருக்கும் குடித்தவர்போல அறிக்கை வந்துவிடும். அதற்கு ஊதா மூடி இடிடிஏ குழாய். எச்பிஏ1சிக்கும் மரபணுச் சோதனைக்கும் அதே ஊதாதான்.

ட்ரிப்டேஸ், சிஆர்பி, கீட்டோன், இன்சுலின், யூரியா எல்லாவற்றுக்கும் சிவப்பு மூடி. தாமதிக்காமல் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளியும் நீரைத் தனியாகப் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள். பிரிக்காமல் முழு ரத்தத்தை அப்படியே உறைய வைத்தால் சிவப்பணுக்கள் வெடித்து எல்லாம் பாழாகும்.

கரிப்புகை வழக்கானால், குழாயில் காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள்.

படி 4: எழுதுங்கள், முத்திரையிடுங்கள்

இங்கே நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிரேதப் பரிசோதனை எண், ரத்தம் எடுத்த இடம், தேதி, மணி, எடுத்தவர் கையெழுத்து. ‘ரத்தம்’ என்று மட்டும் எழுதிய லேபிள் நீதிமன்றத்தில் நிற்காது. ‘வலது தொடைச் சிரை, மேலே கட்டப்பட்டது’ என்று இருக்க வேண்டும். உடல் எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது, எப்போது குளிர்பெட்டிக்குள் போனது, இதயத்தை அழுத்தும் முதலுதவி நடந்ததா, கடைசி நேரத்தில் அட்ரினலின், டெக்ஸ்ட்ரோஸ் போன்றவை ஏற்றினார்களா என்பதையும் ஆய்வகத்துக்குப் போகும் கடிதத்தில் எழுதுங்கள். கெடாமலிருக்கத் திரவம் ஏற்றிய, அதாவது எம்பாமிங் செய்த உடல் என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தத் திரவத்தில் மெத்தனாலும் இருக்கும்.

படி 5: வந்த எண்களைப் படிப்பது

*ஒவ்வாமை அதிர்ச்சி.* ட்ரிப்டேஸ் என்பது, ஒவ்வாமையைத் தூண்டும் மாஸ்ட் செல்கள் வெடிக்கும்போது கொட்டும் நொதி. உயிரோடிருப்பவர்களுக்கு லிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் வரை இயல்பு. இறந்தவர்களுக்கு இந்த வரம்பைப் பயன்படுத்தவே கூடாது. தொடை ரத்தத்தில் 45-ஐ ஒட்டி ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்கு மேல் போனால்தான் அனாஃபிலாக்சிஸ் பக்கம் யோசிப்பார்கள். அடிபட்டு இறந்தவர்களுக்கும் மாரடைப்பில் இறந்தவர்களுக்கும்கூட ஓரளவு ஏறும், இதய ரத்தத்தில் இன்னும் ஏறும். மறுபக்கம், கொட்டிய சில நிமிடங்களிலேயே இறந்தவருக்கு ரத்தத்தில் ஏற நேரம் கிடைக்காமல் குறைவாகவே இருந்துவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள் என்பதால், மருத்துவமனையில் ஒரு நாள் இருந்து இறந்தவருக்குச் சேர்க்கும்போது எடுத்த ரத்தம்தான் உதவும். கதண்டு விஷத்துக்கு எதிரான ஐஜிஇ எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அது இறந்த பிறகும் நிலைத்திருக்கும். ஆனால் அது இவருக்கு ஒவ்வாமை இருந்தது என்று மட்டும் சொல்லும், அன்று அதனால் இறந்தார் என்று சொல்லாது. கொட்டிய தடம், முன்கதை, ட்ரிப்டேஸ் மூன்றும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

*சர்க்கரையும் கீட்டோனும்.* வீட்டுக்குள் தனியாக இறந்து கிடப்பவர்களில் சிலரின் காரணம் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. கண் திரவத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180-200 மில்லிகிராமைத் தாண்டினால், இறக்கும் முன் ரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தது என்று சொல்லலாம். இறந்த பிறகு அங்கே சர்க்கரை குறையுமே தவிர உயராது. குறைவாக இருந்தால் எதுவும் சொல்ல முடியாது. இதய ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கல்லீரலில் சேமித்து வைத்திருந்தது உடைந்து அங்கே கொட்டியிருக்கும்.

ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் லிட்டருக்கு 0.5 மில்லிமோலுக்குள் இருந்தால் இயல்பு, 2.5-ஐத் தாண்டினால் ஆபத்தான கீட்டோன் நிலை. இதோடு கண் திரவத்தில் சர்க்கரையும் உயர்ந்து, எச்பிஏ1சியும் உயர்ந்திருந்தால் சர்க்கரை நோயின் கீட்டோ அசிடோசிஸ், அதாவது கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும் நிலை. கீட்டோன் உயர்ந்து சர்க்கரை உயராமல், கல்லீரல் கொழுப்பேறியிருந்தால், நாள்கணக்கில் சாப்பிடாமல் குடித்தவருக்கு வரும் கீட்டோ அசிடோசிஸை நினையுங்கள். இவர்களின் ரத்தத்தில் சாராயம் பல நேரம் துளிகூட இருக்காது. குடிக்காமலே இறந்துவிட்டார் என்று அதை வைத்து முடிவுகட்டுவது தவறு. சிறுநீரில் முக்கிப் பார்க்கும் கீட்டோன் பட்டை இந்தப் பொருளைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

*இன்சுலின்.* 1957 மே மாதம் இங்கிலாந்தின் பிராட்ஃபர்டு நகரில் எலிசபெத் பார்லோ என்ற பெண் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தார். நீரில் மூழ்கியதுபோலத் தோன்றியது. கண்மணிகள் மிகவும் விரிந்திருந்தன. உடலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோது பிட்டத்தில் ஊசித் தடங்கள் கிடைத்தன. அந்த இடத்துத் திசுவிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். இன்சுலின் செலுத்திய எலிகள் எப்படி மயங்கி இறந்தனவோ அப்படியே இவையும் இறந்தன. செவிலியராக இருந்த கணவர் கென்னத் பார்லோவுக்கு அந்த ஆண்டே ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் இதய ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தது என்பதுதான் புலனாய்வைக் குழப்பியது. கல்லீரலிலிருந்து கடைசி நேரத்தில் வந்த சர்க்கரை என்று பிறகு விளக்கினார்கள்.

இன்று எலி தேவையில்லை. நம் கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது அதற்கு இணையாக சி-பெப்டைடையும் வெளிவிடும். மருந்துக்கடை இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. இன்சுலின் உயர்ந்து சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால் அது ஊசி வழியாக வந்தது. இரண்டும் உயர்ந்திருந்தால் இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல் யூரியா மாத்திரையையோ கணையக் கட்டியையோ தேடுங்கள். ஒரு சிக்கல்: உடைந்த சிவப்பணுக்களிலிருக்கும் நொதி இன்சுலினை அழித்துவிடும். ரத்தம் சிவந்து கலங்கியிருந்தால் ‘இன்சுலின் இல்லை’ என்ற விடையை நம்பாதீர்கள். இக்காலத்து மாற்றியமைத்த இன்சுலின்களைச் சில கருவிகள் கண்டுகொள்வதே இல்லை. மூலக்கூறின் எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். ஊசித் தடம் இருந்தால் அந்தத் தோலையும் அடியிலிருக்கும் கொழுப்பையும் வெட்டி எடுத்துக் குளிரில் வையுங்கள்.

*கிருமித் தொற்று.* சிஆர்பியைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. உயிர் போன பிறகு அது உயர வழியே இல்லை, கொஞ்சம் குறையலாம் அவ்வளவுதான். ஏறத் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால், இதற்குள் ஒரு கடிகாரமும் இருக்கிறது. ‘நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று விழுந்தார்’ என்று வீட்டார் சொல்லும் ஒருவருக்கு சிஆர்பி லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வந்தால், அவருக்குள் குறைந்தது அரை நாளாக ஏதோ எரிந்துகொண்டிருந்தது என்று பொருள். ஆனால் காயமும் தீப்புண்ணும்கூட இதை ஏற்றும். பாக்டீரியா தொற்றா என்று பிரித்தறிய புரோகால்சிடோனின் உதவும். உயிரோடிருப்பவருக்கு மில்லிக்கு 0.5 நானோகிராமுக்கு மேலே போனாலே சந்தேகிப்போம். இறந்தவருக்கு அதைவிடத் தாராளமான கோடு வேண்டும். கல்லீரல் கெட்டுப்போனவருக்கு சிஆர்பி ஏறாது என்பதை மறக்க வேண்டாம். ரத்தத்தில் பாக்டீரியா வளர்ந்தது என்பது மட்டும் தொற்றைக் காட்டாது, அது இறந்த பிறகு குடலிலிருந்து வந்ததாக இருக்கலாம். பாக்டீரியாவும் இருந்து புரோகால்சிடோனினும் ஏறியிருந்தால், அது கணக்கில் வரும்.

*கரிப்புகை.* ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவை அடைத்துத் தூங்கியவர்கள், கடைக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்டவர்கள். உடல் செர்ரிப் பழ நிறத்தில் இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். மாநிறமான நம் தோலில் அது சரியாகத் தெரியாது. நகக்கண்ணையும் உதட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள். குளிர்பெட்டியில் இருந்த உடலும், சயனைடில் இறந்த உடலும் அதே இளஞ்சிவப்பைக் காட்டும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

பிணவறை மேசையிலேயே செய்யக்கூடிய பழைய சோதனை ஒன்று இருக்கிறது, ஹோப்-செய்லர் சோதனை என்பார்கள். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் விட்டு, ஒன்றில் சந்தேகத்துக்குரிய ரத்தம், மற்றதில் வேறொருவரின் ரத்தம், சில சொட்டுகள். இரண்டிலும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கொஞ்சம் விடுங்கள். சாதாரண ரத்தம் கண்ணெதிரே பழுப்பும் பச்சையுமாக மாறும். கரிப்புகை ஏறிய ரத்தம் இளஞ்சிவப்பாகவே நிற்கும். இது சந்தேகத்தை உறுதிப்படுத்த மட்டும். அளவு சொல்ல ஸ்பெக்ட்ரோ ஃபோட்டோமீட்டர் வேண்டும். கார்பாக்சி ஹீமோகுளோபின் 50 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே உயிரைப் பறிக்கப் போதும். புகைபிடிப்பவருக்கு 10 சதவீதம் வரை சாதாரணமாகவே இருக்கும். இதய நோயாளியும் முதியவரும் 50-க்கு வெகு கீழேயே இறந்துவிடுவார்கள். எரிந்த வீட்டில் கிடந்த உடலில் இது இயல்பாக இருந்து, மூச்சுக்குழாயில் கரியும் இல்லையென்றால், தீப்பிடிக்கும் முன்பே உயிர் போயிருக்கலாம் என்ற கோணத்தில் விசாரணை திரும்ப வேண்டும். ஆனால் பெட்ரோல் ஊற்றித் திறந்த வெளியில் எரிந்தவர்களுக்கு, உயிரோடு எரிந்தாலும் இது ஏறாமல் போகலாம்.

*பூச்சிமருந்தும் கள்ளச்சாராயமும்.* ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகள் கோலினெஸ்டரேஸை முடக்கும். பிளாஸ்மாவில் இருப்பது கல்லீரல் நோயிலும் கர்ப்பத்திலும்கூடக் குறையும். சிவப்பணுவில் இருப்பதே நம்பகமானது. கார்பமேட் வகையானால் குழாயில் இருக்கும்போதே நொதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும், அதனால் இயல்பாக வந்தது என்று கேள்வியை மூடிவிட முடியாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகும். கண் பார்வையைப் பறிப்பதும் கொல்வதும் அந்த அமிலம்தான். இரண்டு நாள் தாக்குப்பிடித்து இறந்தவரின் ரத்தத்தில் மெத்தனால் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கலாம், ஃபார்மிக் அமிலம் இருக்கும். அதையும் கேட்டு எழுதுங்கள். சாதாரணச் சாராயத்தைப் பொறுத்தவரை, அழுகத் தொடங்கிய உடலில் அது தானாகவே உருவாகும். உயிரோடிருந்தபோது குடித்தாரா என்று பார்க்க சாராயத்தை உடல் சிதைக்கும்போது உருவாகும் எத்தில் குளுக்குரோனைடும் கண் திரவமும் வேண்டும். விபத்துக் காப்பீடு மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கு இந்த ஒரு சோதனையின் மதிப்பு தெரியும்.

*இதயம்.* இதயத் தசையின் புரதமான ட்ரோபோனினிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இறந்த பிறகு இதயத் தசை கரையக் கரைய அது தானாகவே ஏறும், முதலுதவியில் நெஞ்சை அழுத்தியிருந்தாலும் ஏறும். அதிகமாக இருந்தால் மாரடைப்பு என்று எழுத முடியாது. ரத்தக்குழாய் அடைப்பையும் நுண்ணோக்கியில் தசையையும் பார்த்தே ஆக வேண்டும். நாள்பட்ட இதயச் செயலிழப்பைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி ஓரளவு நிலையானது. இளம் வயதில், இதயம் பார்க்க நன்றாகவே இருக்க, திடீரென்று இறந்தவர் என்றால் ஊதாக் குழாயை மரபணுச் சோதனைக்காகக் காப்பாற்றுங்கள். அவருடைய தம்பிக்கும் தங்கைக்கும் அதே குறை இருக்கலாம், அவர்களைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

*சிறுநீரகம்.* யூரியா, கிரியாட்டினின் இரண்டும் நம்பகமானவை. உயர்ந்திருந்தால் உயர்ந்திருந்ததுதான்.

*நீரில் மூழ்குதல்.* இதயத்தின் இடது, வலது பக்க ரத்தத்தில் குளோரைடு அளவை ஒப்பிட்டால் மூழ்கி இறந்தாரா என்று சொல்லலாம் என 1921-ல் நியூயார்க்கின் அலெக்சாண்டர் கெட்லர் ஒரு முறையை முன்வைத்தார். பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்தினார்கள். இறந்த பிறகு நடக்கும் மாற்றங்களே அந்த வித்தியாசத்தை உண்டாக்கும் என்று தெரிந்த பின் கைவிட்டார்கள். பழைய பாடப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது என்பதற்காக அதைச் செய்யாதீர்கள்.

படி 6: கருத்தை எழுதுவது

முதலில் மேசையில் கண்டதை எழுதுங்கள், பிறகு முன்கதை, பிறகு நுண்ணோக்கி, கடைசியில் எண்கள். எண்ணை முதலில் பார்த்துவிட்டால் மனம் அதற்கேற்ற தடயங்களையே தேடும். ஒவ்வொரு எண்ணோடும் எடுத்த இடத்தையும் இறந்தபின் எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ‘ஒத்துப்போகிறது’ என்ற சொல்லையும் ‘நிரூபிக்கிறது’ என்ற சொல்லையும் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது. அந்தக் கதண்டு வழக்கில் நான் எழுதியது: கழுத்திலும் காதுக்குப் பின்னும் பூச்சி கொட்டிய நான்கு தடங்கள் உள்ளன, விழுந்ததால் உயிர் போகும்படியான காயம் எதுவும் இல்லை, வலது தொடைச் சிரையில் எடுத்த ரத்தத்தின் ட்ரிப்டேஸ் அளவு மிக உயர்ந்துள்ளது, இவை பூச்சி கொட்டியதால் ஏற்பட்ட அனாஃபிலாக்சிஸ் மரணத்தோடு ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அறிக்கை கையில் வந்த குடும்பத்தார், ‘ரசாயனப் பகுப்பாய்வு நிலுவையில்’ என்ற வரி இருந்தால் பயப்பட வேண்டாம். இறுதிக் கருத்து பின்னால் வரும், அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. சுகர், ஒவ்வாமை, காய்ச்சல் என்று உங்களுக்குத் தெரிந்த எதையும் விசாரணை அதிகாரியிடமும் மருத்துவரிடமும் எழுதியே கொடுங்கள். ரத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, மருத்துவமனையில் முதலில் எடுத்த ரத்தம் பாதுகாக்கப்பட்டதா என்ற இரண்டையும் கேளுங்கள்.

மருத்துவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அனுப்பியது போக ஒரு சிவப்புக் குழாயின் தெளிநீரும் ஓர் ஊதாக் குழாயும் உங்கள் துறையின் உறைபெட்டியிலும் குளிர்பெட்டியிலும் தனியே இருக்கட்டும். கேள்விகள் பல நேரம் ஆறு மாதம் கழித்துத்தான் வரும். வழக்கு முடியும்வரை அந்த இரண்டு குழாய்களையும் யாரையும் அகற்ற விடாதீர்கள்.